துப்பாக்கி 'ஜாம்' ஆயிடுச்சு என்றால் என்ன அர்த்தம்? போலீஸ் பதிவேட்டில் இல்லாத ஓர் எண்

2018 அக்டோபர் 12-ம் தேதி இரவு. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்தில் தேடப்பட்டு வந்த சிலரைப் போலீஸார் சுற்றி வளைத்திருந்தார்கள். கையில் துப்பாக்கியோடு நின்ற ஒரு சப்-இன்ஸ்பெக்டர் திடீரென்று வாயாலேயே சத்தம் கொடுக்க ஆரம்பித்தார். இந்தியில் 'ட்டாய்ங், ட்டாய்ங்'. நம்ம ஊர் கணக்கில் 'டுமீல், டுமீல்'. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது, மீம்ஸ் வந்தது, எல்லோரும் சிரித்தோம். தோட்டா சிக்கிக்கொண்டது, அது தொழில்நுட்பக் கோளாறு என்று மாவட்டப் போலீஸ் அதிகாரி விளக்கம் சொன்னார். செய்தி அதோடு முடிந்துவிட்டது.

சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், எதிரில் ஆயுதம் வைத்திருக்கக்கூடிய ஆட்கள் இருக்கும்போது ஒருவருடைய துப்பாக்கி வேலை செய்யவில்லை என்பதுதான் அந்த வீடியோவில் இருப்பது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற விளக்கம் உண்மையில் எதையும் விளக்கவில்லை. ஆபீஸில் லேப்டாப் ஹேங் ஆகும்போது ஐ.டி. டீமிடம் "வேலை செய்யலை" என்று மட்டும் டிக்கெட் போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? அதே கதைதான். 'ஜாம்' என்பது ஒரு அறிகுறி. காரணம் அதற்குப் பின்னால் இருக்கிறது, அதுவும் ஒன்று அல்ல.

ஒரு சின்ன விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சம்பவம் பற்றி வந்த செய்திகளில் ஆயுதத்தின் பெயர் ரிவால்வர் என்றும் பிஸ்டல் என்றும் மாறி மாறி வந்தது. தமிழில் இரண்டுமே கைத்துப்பாக்கிதான். ஆனால் ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள்ளேயே அதனதன் அறையில் உட்கார்ந்திருக்கும். அவை எங்கேயும் நகர்ந்து போக வேண்டியதில்லை. செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில்தான் ஒவ்வொரு தோட்டாவும் கைப்பிடிக்குள்ளிருந்து மேலே ஏறி, குழலுக்குள் போய் உட்கார வேண்டும். தோட்டா சிக்குவதில் பெரும்பகுதி நடப்பது இந்தப் பயணத்தில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆபீஸ் பிரின்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் டிரே காகிதக் கட்டை மேலே தூக்கிக் கொடுக்கும், உருளை ஒரே ஒரு தாளை மட்டும் இழுக்கும், அச்சானதும் வெளியே தள்ளும். தாள் ஈரமாக இருந்தால், டிரே சரியாக உட்காராமல் இருந்தால், உருளை தேய்ந்திருந்தால் பேப்பர் ஜாம். சில நேரம் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே உள்ளே போகும்.

பிஸ்டலில் டிரேயின் வேலையைச் செய்வது மேகசின். அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தாங்கி, அதன் மேல் தோட்டாக்கள். மேகசினின் வாயில் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்த தகடு இருக்கும். ஆங்கிலத்தில் அதை 'லிப்ஸ்' என்பார்கள், உதடு. தோட்டா எந்தக் கோணத்தில், எந்த நொடியில் விடுபட வேண்டும் என்பதை அந்த உதடுதான் தீர்மானிக்கிறது. சுட்டதும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போகும். அப்போது எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி காலி உறையை இழுத்து வரும், இன்னொரு உலோக முனை அதைத் தட்டி வெளியே எறியும். ஸ்லைடு திரும்பி முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் தோட்டா ஒரு சரிவில் வழுக்கி ஏறி, குழலின் பின்பகுதியான சேம்பருக்குள் உட்காரும். இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இந்தியாவில் ராணுவமும் போலீஸும் நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் பிஸ்டல், மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை தயாரிக்கும் 9 மி.மீ. 1ஏ. இது 1935-ல் அறிமுகமான பிரவுனிங் ஹை-பவரின் வழித்தோன்றல். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் இங்லிஸ் நிறுவனம் தயாரித்த வடிவத்தைப் பின்பற்றியது. மேகசினில் 13 தோட்டா பிடிக்கும். 13 எப்படி? தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கப்படாமல், இரண்டு வரிசையாகக் கோணல்மாணலாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே வரும்போது அந்த இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேர வேண்டும். சுங்கச்சாவடி தாண்டியதும் ஆறு லேன் இரண்டாகக் குறுகும் இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அழுக்கு, துரு, தளர்ந்த ஸ்பிரிங், லேசாக நசுங்கிய தகடு என எந்தப் பிரச்னையாக இருந்தாலும் அது முதலில் தலைகாட்டுவது அங்கேதான். பழைய ஹை-பவர்களில் இன்னொரு வரம்பும் உண்டு: அவற்றின் சரிவு உருண்டை மூக்குத் தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது. தலையில் குழி உள்ள நவீனத் தோட்டாக்களைப் போட்டால் மூக்கு இடறும். 1935-ல் வரைந்ததை இன்றைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் தோட்டா வாங்குபவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு சந்தேக நபர்கள்

ஆர்மரர்கள், அதாவது ஆயுதப் பழுது பார்ப்பவர்கள், முதலில் சந்தேகப்படுவது துப்பாக்கியை அல்ல, மேகசினை. அதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கியின் மற்ற பாகங்கள் கடினமான எஃகு. மேகசின் மெல்லிய தகட்டுப் பெட்டி. கீழே விழும், காலில் மிதிபடும், ஒரு துப்பாக்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். உதட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வளைவு மாறினாலே தோட்டா சீக்கிரமாகவோ தாமதமாகவோ விடுபடும். சீக்கிரம் விடுபட்டால் மூக்கு மேலே தூக்கி இடிக்கும், அல்லது அடுத்தடுத்த இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக நுழையப் பார்க்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தோட்டா மேலே வந்து சேருவதற்குள் ஸ்லைடு அதைத் தாண்டிப் போய்விடும். காலி சேம்பரில் மூடிக்கொள்ளும், விசையை இழுத்தால் 'க்ளிக்' மட்டும்தான் கேட்கும்.

எந்தத் தோட்டாவில் சிக்கியது என்பதுகூட ஒரு துப்பு. மேகசினின் கடைசித் தோட்டாக்களிலேயே அடிக்கடி சிக்கினால் ஸ்பிரிங் மீது சந்தேகம் வரும். அந்த நேரத்தில்தான் அதன் தள்ளும் சக்தி மிகக் குறைவு. முழுதாக நிரப்பிய மேகசினில் முதல் தோட்டாவே சிக்கினால், மேகசின் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளவில்லையா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது ஆள், தோட்டா. இதில் போலீஸுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பணிக்குப் போகும்போது தோட்டா வாங்கி, திரும்பும்போது எண்ணி ஒப்படைப்பது வழக்கம். அதே தோட்டாக்கள் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு சரிவில் இடித்து, குண்டு உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். நீளம் குறைந்த தோட்டா ஒழுங்காக ஏறாது. ஏறிச் சுட்டாலும் உள்ளழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகமாகும். தோல் உறையில் நெடுநாள் வைத்த தோட்டாவின் பித்தளையில் பச்சை படியும். வீட்டில் பழைய பித்தளைக் குத்துவிளக்கில் பார்த்திருப்பீர்களே, அதே களிம்புதான்.

மூன்றாவது, துப்பாக்கியே. எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தேய்ந்திருந்தால் காலி உறை சேம்பரிலேயே தங்கிவிடும். பின்னால் வரும் புதுத் தோட்டா அதில் முட்டி நிற்கும். பார்ப்பதற்கு இது 'இரண்டு தோட்டா சேர்ந்து ஏறிய' பிரச்னை மாதிரியே இருக்கும். மேகசினை மாற்றிக்கொண்டே இருந்தாலும் தீராது. எண்ணெய் இல்லாமல் வறண்டிருந்தாலும் சிக்கும். எண்ணெய் அதிகமாகித் தூசியோடு சேர்ந்து பசையானாலும் சிக்கும்.

நான்காவது, கை. ஸ்லைடு பின்னால் போக, கைப்பிடி நகராமல் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்வாக வைத்துச் சுட்டால் துப்பாக்கி முழுவதும் பின்னால் போகும், ஸ்லைடின் ஓட்டம் முழுமை அடையாது. காலி உறை வெளியேறாமல், மூடும் வாயில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். பயிற்சி குறைந்தவர்களிடம் இது அதிகம். அவரிடமிருந்து அதே துப்பாக்கியை வாங்கிப் பயிற்சியாளர் சுட்டால் ஒரு குறையும் தெரியாது. "துப்பாக்கி நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

சிக்கிய தோட்டாவை அந்த நிமிடத்தில் சரிசெய்வதற்கு உலகெங்கும் போலீஸ் பயிற்சியில் ஒரு வழக்கமான நடைமுறை இருக்கிறது: மேகசினை அடியில் தட்டி ஒழுங்காக உட்காரவைப்பது, ஸ்லைடை முழுதாக இழுத்து விடுவது, நிலைமையை மீண்டும் பார்ப்பது. அதிலும் தீராவிட்டால் மேகசினைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குவது. எழுதினால் இரண்டு வரி. இருட்டில், பதற்றத்தில் கை தானாக அதைச் செய்ய நூற்றுக்கணக்கான முறை பழகியிருக்க வேண்டும்.

(இதைப் படிக்கும் உங்களில் அநேகமாக யாரிடமும் இந்தத் துப்பாக்கி இருக்காது. 9 மி.மீ. பிஸ்டல் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். உங்கள் பங்கு இதற்கு வரி கட்டுவது.)

சரி, நான்கு பேரில் யார் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சம்பவத்தை வைத்து முடியாது. பல சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடியும். ஒரே மேகசின் வெவ்வேறு துப்பாக்கிகளில் சிக்குகிறது என்றால் மேகசின். வெவ்வேறு மேகசின் போட்டும் ஒரே துப்பாக்கி சிக்குகிறது என்றால் துப்பாக்கி. ஒரே ஆள் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் சிக்கினால் பிடிக்கும் முறை. எல்லோருக்கும் எல்லாத் துப்பாக்கியிலும் ஒரே வாரத்தில் சிக்கினால் அந்தத் தொகுதித் தோட்டா. எக்ஸெலில் பிவட் டேபிள் போட்டுப் பழகியவருக்கு இது பத்து நிமிட வேலை. ஆனால் டேபிள் போட வரிசைகள் வேண்டுமே.

22 துப்பாக்கியும் ஒன்றாகவா கெட்டுப்போகும்?

வரிசைகள் இருந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு உதாரணம். 2019 ஆகஸ்ட் மாதம் பிகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு சுபோல் மாவட்டத்தில் அரசு மரியாதையோடு நடந்தது. முதல்வர் நிதிஷ் குமார் முன்னிலையில் 22 போலீஸ் ரைஃபிள்கள் வானை நோக்கி நீட்டப்பட்டன. ஒன்றுகூடச் சுடவில்லை.

'பழைய துப்பாக்கி, அதான்' என்பதுதான் அன்றைக்குப் பலரும் சொன்ன காரணம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ரைஃபிளும் படுமோசம், இரண்டு முறை சுட்டால் ஒருமுறை கைவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அவை தனித்தனிக் காரணங்களால் கெட்டிருந்தால், 22-ம் ஒரே நேரத்தில் கைவிடுவதற்கான வாய்ப்பு சுமார் 42 லட்சத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் பத்தில் ஒன்பது முறை கைவிடும் அளவுக்குக் கெட்டிருந்தாலும்கூட, எல்லாம் சேர்ந்து கைவிட வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஆக, 22 தனித்தனிப் பழுதுகள் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்க வேண்டும். அன்று அந்த ரைஃபிள்களுக்கெல்லாம் பொதுவாக இருந்திருக்கக்கூடியது தோட்டாத் தொகுதி. இது என் அனுமானம்தான், விசாரணை முடிவு இல்லை. ஆனால் 'துப்பாக்கியை மாத்துங்க' என்று புது ரைஃபிள் வாங்கி, பழைய கிடங்குத் தோட்டாவையே போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வருடத்துக்கு 30 தோட்டா போதுமா?

நம் காவல்துறைகளில் தோட்டாவுக்குக் கணக்கு மிகக் கறார். வழங்கியது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, சுட்டதற்குக் காலி உறை எங்கே என்று ஒன்று குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். தொலைந்த தோட்டா தவறான கைக்குப் போகும் என்பதால் அது நியாயமான கறார்தான். ஆனால் பயிற்சி மைதானத்தில் சுட்டபோது எத்தனை முறை சிக்கியது என்பதற்கு அப்படி ஒரு கட்டாயக் கணக்கு இல்லை. சிக்கினால் சரிசெய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

இதில் இழப்பது எவ்வளவு? ஒரு போலீஸ்காரர் ஆண்டுப் பயிற்சியில் 30 தோட்டா சுடுகிறார் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அவருடைய பிஸ்டல் 500 தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கும் ரகம். பணி ஆயுதத்துக்கு இது மோசமான தரம். ஆனால் அந்த 30 தோட்டாவில் ஒருமுறைகூடச் சிக்காமல் தப்பிக்க அதற்கு 94 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 'நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்தாகி ஆயுத அறைக்குத் திரும்பிவிடும். புள்ளியியலில் இதற்கு 'மூன்றின் விதி' என்று ஒரு சுருக்குவழி உண்டு: 30 முறை சோதித்து ஒரு பழுதும் வரவில்லை என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு நீங்கள் சொல்ல முடிவது 'பழுது விகிதம் பத்தில் ஒன்றைத் தாண்டாது' என்பது மட்டுமே. பத்தில் ஒன்று! 300 முறை சோதித்தால் நூறில் ஒன்றைத் தாண்டாது என்று சொல்லலாம்.

ஒவ்வொரு துப்பாக்கியையும் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்க்கப் பணம் இல்லை. தேவையும் இல்லை. ஒரு மாவட்டத்தில் 500 பிஸ்டல் இருந்து, ஒவ்வொன்றும் 30 தோட்டா சுட்டால் அது 15,000 தோட்டா. மேலே சொன்ன தரத்தில் சுமார் 30 தடைகள் வந்திருக்கும். அந்த முப்பதையும் துப்பாக்கி எண், மேகசின் எண், தோட்டாத் தொகுதி எண்ணோடு எழுதி வைத்திருந்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். தகவல் ஒவ்வொரு வருடமும் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. அதைக் காலி உறையோடு சேர்த்துப் பொறுக்கி எடுக்கவில்லை, அவ்வளவுதான். பல இடங்களில் மேகசினுக்குத் தனி எண்ணே கிடையாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த 30 தோட்டாவும் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2008 மும்பைத் தாக்குதலை ஆராய்ந்த ராம் பிரதான் குழு, தோட்டா பற்றாக்குறையால் மும்பை போலீஸில் சுடும் பயிற்சியே முடங்கியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட இந்தியக் காவல் நிலை அறிக்கையின்படி, ஐந்தாண்டு சராசரியில் பணியில் இருக்கும் காவலர்களில் 6.4 சதவீதம் பேருக்குத்தான் ஓராண்டில் பயிற்சி கிடைத்திருக்கிறது. போலீஸுக்குச் செலவாகும் மொத்தப் பணத்தில் பயிற்சியின் பங்கு நாடு தழுவிய சராசரியில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்துவருகிறது. சுட்டுப் பழகப் பாதுகாப்பான இடமும் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் இறுதியில் பயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு தலையில் பாய்ந்து 11 வயதுச் சிறுவன் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பழக்கம் இல்லாத கை ஆபத்தானது, ஆயுதம் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல. 2022 டிசம்பரில் உ.பி.யின் கலீலாபாத் காவல் நிலையத்தில் டி.ஐ.ஜி. ஆய்வுக்கு வந்தபோது, ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தோட்டாவைக் குழலின் முன்வாய் வழியாகப் போட முயன்றார். அதுவும் வைரல் ஆனது, அதற்கும் சிரித்தோம். ஒரு வருடம் கழித்து, 2023 டிசம்பரில், அதே மாநிலத்தின் அலிகரில் பாஸ்போர்ட் சரிபார்ப்புக்காகக் காவல் நிலையம் போயிருந்த ஒரு பெண்மணியின் தலையில், எதிரில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த பிஸ்டலிலிருந்து குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். அங்கே தோட்டா சிக்கவில்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் சேம்பரில் தோட்டா இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும், சிக்கிய தோட்டாவை எடுக்கும் பழக்கமும் ஒரே பயிற்சி வகுப்பின் இரண்டு பாடங்கள்.

துப்பாக்கியா, ஆளா? பழைய சண்டை

கணக்கு இல்லாத இடத்தில் பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் அதிகாரம் குறைந்தவர் மேல். இன்சாஸ் ரைஃபிளின் கதை இதற்கு நல்ல சாட்சி. புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் வடிவமைத்து, இஷாப்பூரிலும் நம்ம திருச்சி தொழிற்சாலையிலும் தயாரான ஆயுதம் அது. 1999 கார்கில் போரில் கடுங்குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, சுடும்போது சிக்கியது என்று புகார்கள் வந்தன. 2005 ஆகஸ்டில் மாவோயிஸ்ட்களுடனான சண்டையில் 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த நேபாள ராணுவம், இந்தியா கொடுத்த இன்சாஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று சொன்னது. முறையாகப் பயன்படுத்தாததும் பராமரிக்காததும்தான் காரணம் என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. இரண்டில் எது சரி? எத்தனை தோட்டாவுக்கு எத்தனை முறை, எந்த மேகசினில் என்ற பதிவு மேசைமேல் இருந்திருந்தால் விவாதமே வந்திருக்காது. சி.ஆர்.பி.எஃப். பிறகு மாவோயிஸ்ட் பகுதிகளில் ஏ.கே. ரகத்துக்கு மாறிக்கொண்டது.

அமெரிக்காவும் இதைப் பட்டுத்தான் கற்றது. வியட்நாமில் எம்-16 சிக்கி வீரர்கள் செத்தபோது முதலில் சொல்லப்பட்டது 'அவர்கள் சுத்தம் செய்வதில்லை'. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு தோண்டியபோது வெளிவந்தது வேறு: தோட்டாவின் வெடிமருந்து வகை மாற்றப்பட்டிருந்தது, சுத்தம் செய்யும் கருவிகள் போதுமான அளவில் அனுப்பப்படவில்லை, சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லை.

அதே நாடு ஐம்பது வருடம் கழித்து எம்-17 பிஸ்டலை வாங்கியபோது, ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே சராசரியாக 2,000 தோட்டா ஓட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சோதனையில் சாதாரணத் தோட்டாவோடு பிஸ்டல் அந்த அளவைத் தொடவில்லை. பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவே அதை ஆண்டறிக்கையில் அச்சிட்டு வெளியிட்டது. இன்னும் சுவாரசியமானது அடுத்தது. எம்-17-ல் வந்த தடைகளில் ஒரு பெரிய பங்கு ஒரே வகை: கடைசித் தோட்டா முடிந்ததும் ஸ்லைடு திறந்து நிற்க வேண்டும், நிற்கவில்லை. பார்த்தால், சுடுபவரின் கட்டைவிரல் ஸ்லைடை நிறுத்தும் நெம்புகோலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிடிக்கும் முறை பழுதில் ஒரு பெரிய பங்கு என்று எண்ணிக்கையோடு தெரிந்தது. தோட்டாவுக்குத் தோட்டா நடத்தை மாறுகிறது என்பதும் தெரிந்தது. யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை.

பணம் எங்கே போகிறது?

மத்திய அரசின் போலீஸ் நவீனமயத் திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரை ஒதுக்கப்பட்டது 26,275 கோடி ரூபாய். மாநிலப் போலீஸ் படைகளை நவீனப்படுத்துவதற்கென்று அதில் தனியாக 4,846 கோடி. இந்தப் பணத்தில் வாங்கும் பட்டியலில் ஆயுதங்களும் வரும். வெற்றியின் அளவுகோல் எத்தனை வாங்கினோம் என்பதே. உ.பி.யைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி., காவலர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் .303 ரைஃபிளோடு இருப்பதைச் சொன்னது. அது 1995-லேயே உள்துறை அமைச்சகம் காலாவதி என்று ஒதுக்கிய ஆயுதம். அந்த மாநிலம் அதற்குச் சடங்காக விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில். கையில் வந்தது இன்சாஸ். ராஜஸ்தானில் 2009 முதல் 2014 வரையிலான தணிக்கையில் நவீன ஆயுதத் தேவையில் 75 சதவீதம் பற்றாக்குறை. அதைவிட உறுத்துவது, வாங்கிய ஆயுதங்களில் 59 சதவீதம் காவல் நிலையங்களுக்கு அனுப்பப்படாமல் கிடங்கிலேயே கிடந்தது. மேற்கு வங்கத்தில் பற்றாக்குறை 71 சதவீதம், குஜராத்தில் 36.

இந்த எண்கள் எல்லாம் இருப்பு பற்றியவை. அந்த ஆயுதம் எடுத்ததும் சுடுமா என்பது எதிலும் இல்லை. காவல்துறை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் ஆண்டுதோறும் வெளியிடும் தடிமனான தரவுப் புத்தகத்தில் காலிப் பணியிடங்கள் முதல் வாகனங்கள் வரை மாநில வாரியாக அட்டவணை இருக்கிறது. தடைகளுக்கு அட்டவணை இல்லை. வாங்குபவர் கேட்காததால் விற்பவரும் சொல்வதில்லை. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, துப்பாக்கி செய்வது கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனத்திடமும், தோட்டா செய்வது புனேயைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனத்திடமும் போனது. துப்பாக்கியில் தோட்டா சிக்கினால் இனி இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்ட முடியும். மேகசின் எண்ணும் தொகுதி எண்ணும் எழுதிய பதிவு இல்லாமல் அந்த வழக்கைத் தீர்க்க வழி கிடையாது.

பயிற்சி மைதானப் பதிவேட்டில் பொதுவாகத் தேதி, பெயர், ஆயுத எண், வழங்கிய தோட்டா, ஒப்படைத்த காலி உறை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. கூடுதலாக வேண்டியவை நான்கு கட்டங்கள்: மேகசின் எண், தோட்டாத் தொகுதி எண், எத்தனையாவது தோட்டாவில் தடை, தடையின் வகை. கடைசிக் கட்டத்தில் 'ஜாம்' என்று எழுதக் கூடாது.